விசைப்பலகை உள்ள புதிய திறன்பேசிக்கு மாறலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு ஆண்டுகளாக, திரைக்குக் கீழே விசைகள் பதித்த பிளாக்பெரி கீ2 திறன்பேசியை வைத்திருக்கிறீர்கள். பகலில் அலுவல் மின்னஞ்சல்களை ஆங்கிலத்திலும், இரவில் உங்கள் சொந்தக் கட்டுரைகளைத் தமிழிலும் அதிலேயே எழுதி வருகிறீர்கள். சென்ற மாதம் வங்கிச் செயலி அதில் திறக்க மறுத்துவிட்டது. பேட்டரியும் மாலை வரை தாங்குவதில்லை. யூனிஹெர்ட்ஸ் டைட்டன் 2 போல இப்போது கிடைக்கும் புதிய விசைப்பலகைத் திறன்பேசி ஒன்றை வாங்குவதா, அல்லது விசைப்பலகையையே மறந்துவிட்டு எல்லாரையும்போலத் தொடுதிரைக்குப் போய்விடுவதா என்பது உங்கள் கேள்வி. நானும் பல ஆண்டுகள் விசைப்பலகைத் திறன்பேசிகளில் எழுதியவன். அந்தச் சிறு விசைகளின் மீது உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தப் பதில் சற்று நீளமாக இருக்கிறது.

கீ2வை உங்கள் முதன்மைத் திறன்பேசியாக வைத்திருப்பதை இப்போதே நிறுத்திவிடுங்கள். இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அதன் இடத்தில் வருவது இன்னொரு விசைப்பலகைத் திறன்பேசியாக இருக்க வேண்டுமா என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கப் போவது நீங்கள் இரவில் எழுதும் தமிழ்தான்.

முதலில் கீ2வின் நிலைமையைப் பார்ப்போம். 2018 ஜூனில் ஆண்ட்ராய்டு 8.1 பதிப்போடு அறிமுகமான கருவி அது. அடுத்த பதிப்பான ஆண்ட்ராய்டு 9 அதற்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. பிளாக்பெரி நிறுவனம் சொந்தமாகக் கைபேசி உருவாக்குவதை 2016இலேயே கைவிட்டு, பெயரை மட்டும் டிசிஎல் நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுத்திருந்தது. அந்த உரிமமும் 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு 8.1 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுளே 2021ஆம் ஆண்டுடன் நிறுத்திவிட்டது. குரோம் உலாவியோ 2025இல் வந்த 139ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10க்குக் கீழுள்ள கருவிகளில் நிறுவ இயலாததாகிவிட்டது. ஆகவே உங்கள் கருவியில் அது 138ஆம் பதிப்போடு நின்றிருக்கும். வங்கிச் செயலி திறக்காததைத் தனியொரு கோளாறாக நினைக்காதீர்கள். இயங்குதளம் நின்றுபோன கருவியில் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்வது இப்படித்தான் நடக்கும். அலுவல் மின்னஞ்சலுக்கும் அந்த நாள் தொலைவில் இல்லை. அதற்கு முன்பே அஞ்ச வேண்டியது வேறொன்று: கண்டறியப்பட்டு, உலகமே அறிந்த பாதுகாப்பு ஓட்டைகள் அந்தக் கருவியில் மூடப்படாமலே கிடக்கின்றன.

பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாமே என்றும் நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். உற்பத்தி நின்று பல ஆண்டுகளான கருவிக்குக் கிடைக்கும் பேட்டரிகளில் பல, அன்றே செய்யப்பட்டு அலமாரியில் கிடந்தவை. லித்தியம் அயனி பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் மூப்படையும். மூவாயிரத்து ஐந்நூறு மில்லிஆம்ப் மணி என்று மேலே அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிப் பணம் கொடுத்து, பழைய பேட்டரியைவிடச் சற்றே மேலான ஒன்றைப் பெறுவீர்கள். மென்பொருள் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இனி, புதிய விசைப்பலகைத் திறன்பேசிகள். இந்த வகை ஏன் இவ்வளவு சுருங்கிப் போனது என்று தெரிந்துகொண்டால்தான் இன்று விற்பவற்றை எப்படி எடை போடுவது என்று புரியும். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசியான எச்டிசி ட்ரீமிலேயே திரைக்கு அடியிலிருந்து வெளியே வரும் விசைப்பலகை இருந்தது. அந்த ஆண்டில் அது இயல்பான ஒன்று. ஆனால் அச்சடித்த விசைகள் உற்பத்தியாளருக்குப் பெரும் சுமை. எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும்: க்வெர்ட்டி அடுக்கை ஒரு நாட்டிலும், அசெர்ட்டி அடுக்கை இன்னொரு நாட்டிலும் கேட்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக இருப்பு வைக்க வேண்டும். தொடுதிரைக்கு அந்தக் கவலையே இல்லை. எந்த மொழிக்கும் அதே கண்ணாடிதான். நகரும் பாகம் இல்லை, தூசி புகும் இடைவெளி இல்லை, விசைகள் அடைத்துக்கொள்ளும் இடமும் திரைக்கே கிடைத்துவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டதற்கு இவையே காரணங்கள். இப்போது இந்தக் களத்தில் இருப்பவை சிறு நிறுவனங்கள். அவற்றின் ஆர்வத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் சிறு நிறுவனத்தால் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டென்றால், அது ஆண்டுக்கணக்காக மாதந்தோறும் மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதுதான்.

இந்த இடத்தில்தான் விசைப்பலகை விரும்பிகள் திரும்பத் திரும்ப ஏமாறுகிறோம். விசைகளைத் தொட்டுப் பார்த்து, அழுத்தத்தை உணர்ந்து, மகிழ்ந்து வாங்குகிறோம். விசைகள் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. மென்பொருள் இரண்டு ஆண்டுகளிலேயே முதுமையடைந்துவிடுகிறது. கூகுள் தன் பிக்சல் 8 வரிசையிலிருந்தும், சாம்சங் தன் கேலக்சி எஸ்24 வரிசையிலிருந்தும் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்துள்ளன. யூனிஹெர்ட்ஸின் முதல் டைட்டன் ஆண்ட்ராய்டு 9 பதிப்போடு வந்து, பிறகு 10ஆம் பதிப்பைப் பெற்றது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் நீங்கள் பணமாகக் கணக்கிட வேண்டும்.

உங்கள் வங்கிச் செயலி நின்ற அனுபவத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. ஒரு கருவி நம்பத்தக்கதா என்று செயலிகள் கூகுளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. 2025 முதல், ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளில், கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புத் திருத்தம் நிறுவப்பட்டிருந்தால் மட்டுமே மிக உயர்ந்த நம்பகத் தரம் கிடைக்கும். எல்லா வங்கிகளும் அந்த உயர்ந்த தரத்தைக் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், புத்தம்புது ஆண்ட்ராய்டு பதிப்போடு வாங்கிய கருவியும், திருத்தம் வராத இரண்டாம் ஆண்டில் உங்களை மறுபடி இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே விற்பவரிடம் "எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு?" என்று கேட்பதைவிட, "பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?" என்று கேட்டு, அதை எழுத்தில் தேடுங்கள். அந்நிறுவனத்தின் முந்தைய கருவியை வைத்திருப்பவர் யாரையாவது கண்டால், அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். நிறுவனம் தரும் எந்த வாக்குறுதியைவிடவும் அந்த ஒரு வரி நம்பகமானது.

விசைகள் உழைக்கும் என்று சொன்னேன். அதிலும் விதிவிலக்கு உண்டு. நான் முன்பு வைத்திருந்த ஒரு விசைப்பலகைத் திறன்பேசியில், இரண்டாம் ஆண்டின் நடுவில், 'இ' என்னும் ஆங்கில எழுத்துக்குரிய விசை ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதியத் தொடங்கியது. கடிதத்தில் அது வெறும் எழுத்துப்பிழை; பார்த்துத் திருத்திவிடலாம். கடவுச்சொல்லை இடும்போது என்ன அழுத்தினோம் என்று தெரியாமல் புள்ளிகள் மட்டுமே தெரியும் அல்லவா, அங்கேதான் வினை வந்தது. மூன்று முறை தவறாக இட்டு, கணக்கு பூட்டப்பட்டு, அதைத் திறக்க ஒரு முழு நாள் அலைந்தேன். தொடுதிரைக் கருவியில் திரை விசைப்பலகைச் செயலி பிடிக்காவிட்டால் வேறொன்றை நிறுவிக்கொள்ளலாம். விசை பழுதானால் பாகம் வேண்டும். சிறு நிறுவனத்தின் கருவிக்குப் பாகம் கிடைப்பது, அந்த நிறுவனம் அப்போதும் அதைச் செய்துகொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. திரைக்கு அடியிலிருந்து நழுவி வரும் வகையில் இன்னொரு பலவீனமும் சேரும்: திரையையும் விசைகளையும் இணைக்கும் மெல்லிய நாடாக் கம்பி ஒவ்வொரு திறப்பிலும் வளைந்து நிமிர்கிறது.

இத்தனைக்கும் பிறகு, விசைப்பலகை உண்மையில் என்ன தருகிறது? வேகம் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். 2019இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ், இடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 37,000க்கு மேற்பட்டவர்கள் கைபேசியில் தட்டெழுதுவதை அளந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள் அளவில் இருந்தது. முழு அளவுக் கணினி விசைப்பலகையின் சராசரி நிமிடத்துக்கு 52 சொற்களை ஒட்டியது என்று அதற்கு முந்தைய ஆய்வு கண்டிருந்தது. அதாவது, கண்ணாடித் திரையில் எழுதிப் பழகிய தலைமுறை மோசமாக எழுதவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: தானியங்கித் திருத்தத்தைப் பயன்படுத்தியவர்கள் வேகமாக எழுதினார்கள், திரையில் காட்டப்படும் சொல் பரிந்துரைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மெதுவாகவே எழுதினார்கள். கண்ணை எழுத்திலிருந்து விலக்குவதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

விசைப்பலகையின் அருமை அங்கேதான் இருக்கிறது. பழகிய கட்டைவிரல் விசையின் விளிம்பைத் தொட்டே இடத்தை அறிந்துகொள்ளும். கண் எழுதும் வாக்கியத்தின் மேலேயே இருக்கும். பத்து விசைகள் கொண்ட ஒரு வரிசை, 72 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவியில், விசைக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான் இடம் தருகிறது. கணினியில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். ஆனாலும் தவறு நேராததற்குக் காரணம், நல்ல விசைகள் தட்டையாக இராமல் ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதும், வரிசைகளுக்கு இடையே ஒரு மெல்லிய மேடு ஓடுவதும்தான். உங்கள் கீ2வை எடுத்து, கண்ணை மூடி, கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நான் சொல்வது புரியும். மேலும், அந்தக் கருவியில் 26 எழுத்துகளுக்கும் குறுகிய அழுத்தத்துக்கு ஒன்று, நீண்ட அழுத்தத்துக்கு ஒன்று என 52 குறுக்குவழிகளை வைத்துக்கொள்ளலாம். விசைகளின் மேல் விரலைத் தடவிப் பக்கத்தை நகர்த்தலாம். நீங்கள் இழக்க அஞ்சுவது இவற்றைத்தான். எண்ணி அஞ்சத்தக்க இழப்புதான் அது.

திரையைப் பற்றி விசைப்பலகை விரும்பிகள் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். "திரை விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடுகிறது, தனி விசைகள் இருந்தால் முழுத் திரையும் நமக்கே" என்பார்கள். அளந்து பாருங்கள். இருபதுக்கு ஒன்பது விகிதத்தில் 6.7 அங்குலத் திரை என்றால் உயரம் ஏறத்தாழ 155 மில்லிமீட்டர், அகலம் 70. திரை விசைப்பலகை 65 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டாலும், எழுதுவதைப் பார்க்க 90க்கு 70 என்ற பரப்பு மிஞ்சுகிறது. டைட்டன் 2வில் உள்ளது 4.5 அங்குலச் சதுரத் திரை. ஒரு பக்கம் சுமார் 81 மில்லிமீட்டர். எழுதும் நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். எழுதாத நேரத்தில் தொடுதிரை தன் முழு உயரத்தையும் திரும்பத் தந்துவிடுகிறது. சதுரத் திரை சதுரமாகவே இருக்கிறது. நீள்வாக்கில் எடுத்த காணொளிகள் அதில் நடுவே ஒரு பட்டையாகத் தெரியும். சில செயலிகளின் கீழ்ப்பகுதிப் பொத்தான்கள் மறைந்துபோவதும் உண்டு. மறுபக்கம், அட்டவணைகளையும் நீண்ட வரிகள் கொண்ட ஆவணங்களையும் படிக்க அந்த அகலம் இதமானது. 2014இல் வந்த பிளாக்பெரி பாஸ்போர்ட்டை இன்றும் சிலர் நினைத்து ஏங்குவது அதற்காகத்தான். ஆனால் 90 மில்லிமீட்டரை நெருங்கும் அகலத்தை ஒரு கையால் பிடித்து எழுத முடியாது. நீங்கள் நின்றுகொண்டு, மறு கையால் எதையாவது பற்றியபடி எழுதுபவர் என்றால், கீ2வின் ஒடுக்கமான உடல் தந்த வசதி இதில் கிடைக்காது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள். அதுவும் நீண்ட கட்டுரைகள். விசைப்பலகைத் திறன்பேசிகளைப் பற்றிய மதிப்புரைகள் எல்லாமே ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; அவற்றில் இதற்கு விடை இராது.

தமிழ் எழுத்துகளை நேரடியாக விசைகளில் அமைத்த தமிழ்99 முறையில் எழுதுபவர் நீங்கள் என்றால் முதலில் இதைக் கவனியுங்கள். அந்த முறையில் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி என மொத்தம் 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்து விசைகளோ 26தான். மிச்சமுள்ள ஐந்தும் கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில், குறியீட்டு விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன: சகரமும் ஞகரமும் இரண்டு சதுர அடைப்புக்குறிகளில், நகரம் அரைப்புள்ளியில், யகரம் ஒற்றை மேற்கோளில், ழகரம் சாய்கோட்டில். திரைக்குக் கீழே விசைகள் பதித்த கைக்கடக்கமான திறன்பேசிகளில் அந்தக் குறியீடுகளுக்குத் தனி விசை கிடையாது. ஆல்ட் அல்லது குறியீட்டு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும், அதுவும் உங்கள் உள்ளீட்டுச் செயலி அந்தச் சேர்க்கையைப் புரிந்துகொண்டால். 'பந்தயம்' என்று எழுதிப் பாருங்கள். தமிழ்99இல் அது ஆறே அழுத்தம். நகரத்துக்கும் தகரத்துக்கும் இடையே புள்ளியைத் தானே இட்டுக்கொள்ளும் அழகு அந்த முறைக்கு உண்டு. ஆனால் அந்த ஆறில் நகரமும் யகரமும் உங்கள் விசைகளில் இல்லை. 'செய்தி'யில் முதல் இரண்டு மெய்களும் இல்லை. 'எழுது' என்பதில் ழகரம் இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்தே இல்லை.

ஒலிபெயர்ப்பு முறையில், ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதுபவர் என்றால் 26 விசைகள் போதும்தான். அங்கே சிக்கல் ஷிஃப்ட் விசையில் இருக்கிறது. பெரும்பாலான ஒலிபெயர்ப்பு முறைகளில் ணகரம், ளகரம், றகரம் மூன்றும் பெரிய எழுத்தால் வருபவை. 'கிணற்றுத் தண்ணீர்' என்ற இரண்டே சொற்களில் ஐந்து இடங்களில் ஷிஃப்ட் தேவைப்படும். பத்து விரல்களால் எழுதும்போது சுண்டுவிரல் அதைக் கவனித்துக்கொள்ளும், நாம் உணர்வதுகூட இல்லை. இரண்டே கட்டைவிரல்கள் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் எழுத்தை விட்டு ஓரத்துக்குப் போய்வர வேண்டும். ஒரு மின்னஞ்சலுக்கு இது தெரியாது. ஆயிரம் சொல் கட்டுரையின் முடிவில் கட்டைவிரலின் அடிமூட்டு அதைச் சொல்லும்.

மூன்றாவது வழி, ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒலிக்கும்படி எழுதினால் தமிழ்ச் சொல்லைப் பரிந்துரைக்கும் செயலிகள். இவை திரை விசைப்பலகைக்காகவே உருவானவை. தனி விசைகளில் எழுதும்போது திரை விசைப்பலகை மறைந்துகொள்வதால் பல நேரங்களில் பரிந்துரைப் பட்டையும் அதோடு மறைந்துவிடுகிறது. மறையாமல் வந்தாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணையும் விரலையும் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். விசைப்பலகை தரும் ஒரே பெரும் நன்மையான கண்ணின் சுதந்திரத்தை அங்கேயே இழந்துவிடுகிறோம்.

கீ2வில் இத்தனை காலம் தமிழ் எழுதியிருக்கிறேனே என்று நீங்கள் சொல்லலாம். எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பழக்கிக்கொண்ட ஒரு செயலி, அதன் ஒரு குறிப்பிட்ட பதிப்பு, அந்தக் கருவியின் விசைகளோடு ஒத்துப்போனதால் அது நடந்தது. அதே செயலி புதிய ஆண்ட்ராய்டில், வேறு நிறுவனத்தின் விசைகளோடு அப்படியே இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஐந்து வரிசைகளும் தனிக் குறியீட்டு விசைகளும் கொண்ட எஃப்எக்ஸ்டெக் ப்ரோ1 போன்ற நழுவுவகைக் கருவிகள் தமிழ்99க்கு இயல்பாகவே பொருந்துபவை. ஆனால் அவை பழையனவாகிவிட்டன, மென்பொருள் குறித்து நான் மேலே சொன்னது அவற்றுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது: விசைப்பலகையின் ஆயுளையும் திறன்பேசியின் ஆயுளையும் பிரித்துவிடுங்கள். நீண்ட காலம் புதுப்பிப்பு கிடைக்கும் சாதாரணத் தொடுதிரைத் திறன்பேசி ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கட்டுரை எழுத, மடித்து வைக்கக்கூடிய புளூடூத் விசைப்பலகை ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது வலது ஓரத்தில் அந்த ஐந்து குறியீட்டு விசைகளும் தனித்தனியாக, முழு அளவில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சில மடிப்பு விசைப்பலகைகள் இடத்தைச் சேமிக்க அவற்றைத்தான் முதலில் பலியிடும். வெளி விசைப்பலகையோடு தமிழ்99ஐ ஏற்கும் உள்ளீட்டு வசதி உங்கள் திறன்பேசியில் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த விசைப்பலகை அடுத்த திறன்பேசிக்கும், அதற்கடுத்ததற்கும் உங்களோடு வரும்.

திறன்பேசியின் உறையிலேயே விசைகள் பதித்து வரும் துணைக்கருவிகளும் உண்டு. 2024இல் ஐஃபோன்களுக்காக வந்த கிளிக்ஸ் அவற்றில் பெயர் பெற்றது. திரை முழுவதும் மிஞ்சுகிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் கருவியின் நீளம் கூடி, எடை மேற்புறம் சாய்ந்துவிடுவதால் எழுதும்போது கைகள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த உறை ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்துவதால் திறன்பேசியை மாற்றினால் உறையும் மாற வேண்டும். தமிழ்99க்கு வேண்டிய ஐந்து விசைகள் அதிலும் தனியாக இல்லை. ஆங்கில மின்னஞ்சலுக்கு மட்டும் விசைகள் வேண்டுபவருக்கு அது ஏற்றது.

புதிய விசைப்பலகைத் திறன்பேசியை வாங்குங்கள் என்று நான் மனதாரச் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் ஆங்கிலத்தில் குறுகிய பதில்கள் எழுதுபவர். காணொளி பார்ப்பதைக் குறைத்துக்கொள்ள உண்மையாகவே விரும்புபவர். வங்கி வேலைகளுக்குக் கணினியோ வேறொரு கருவியோ வைத்திருப்பவர். இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி வாங்க வேண்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டவர். கண்ணாடித் திரையில் விரல் எங்கே படுகிறது என்று அறிவது கடினமாக இருப்பவர்களுக்கும், பார்வைக் குறை உள்ளவர்களில் சிலருக்கும் தொட்டறியும் விசைகள் பெரும் உதவி. கட்டைவிரலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். விசையை அழுத்துவதற்குக் கண்ணாடியைத் தொடுவதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்.

அப்படி ஒன்றை வாங்க நீங்களே தீர்மானித்தால், திருப்பித் தர வசதியுள்ள இடத்தில் வாங்கி, முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிய தமிழ்க் கட்டுரையிலிருந்து 200 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை எடுத்து, புதிய கருவியின் விசைகளில் ஒருமுறை, ஏதேனும் தொடுதிரையில் ஒருமுறை முழுமையாக எழுதி, நேரத்தையும் பிழைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். புதிய விசைகளுக்கு விரல் பழக அவ்வளவு காலமாவது வேண்டும், முதல் நாள் அளவு மட்டும் நியாயமாகாது. திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்புகளையும் சோதியுங்கள்: பழைய 2ஜி, 3ஜி வலைப்பின்னல்கள் பல இடங்களில் மூடப்பட்டு வருவதால், உங்கள் சேவை நிறுவனத்தின் 4ஜி வலைப்பின்னல் வழியாகவே குரல் அழைப்பு செல்கிறதா என்பது முக்கியம். சிறு நிறுவனங்களின் கருவிகளில் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் நிற்கும் என்ற நிலையும் ஏற்படலாம்.

இன்னும் உற்பத்தியாகாத கருவிக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டாம். 2020 ஆகஸ்டில் ஆன்வர்ட்மொபிலிட்டி என்ற நிறுவனம் புதிய 5ஜி பிளாக்பெரியை அறிவித்தது. பலர் பழைய கருவியை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு கருவிகூட வெளிவராமலே அந்த நிறுவனம் மூடப்பட்டது. எஃப்எக்ஸ்டெக் ப்ரோ1-எக்ஸ் கூட்டுநிதியில் பணம் கட்டியவர்களுக்கு, முதலில் சொன்ன சிப் கிடைக்காததால் வேறு சிப் பொருத்திய கருவி, ஆண்டுக்கு மேற்பட்ட தாமதத்தோடு கிடைத்தது. இவை ஏமாற்றும் நோக்கத்தால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. குறைந்த எண்ணிக்கையில் கருவி செய்பவர்களுக்குச் சிப் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை தருவதில்லை.

கீ2வைத் தூக்கி எறிய வேண்டாம். சிம் அட்டையை எடுத்துவிட்டு, கணக்குகள் அனைத்தையும் நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, இணையம் இல்லாமல் குறிப்புகள் எழுதும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பழகிய தமிழ் உள்ளீட்டுச் செயலியின் நிறுவல் கோப்பை முன்பே நினைவக அட்டையில் சேமித்து வைத்திருந்தால், மீட்டமைத்த பிறகு அதையே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் மீட்டமைக்கும் முன் ஒன்றை மறக்காதீர்கள். இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கான எண்களை உருவாக்கும் செயலி அதில் இருந்தால், ஒவ்வொரு கணக்கையும் புதிய திறன்பேசிக்கு மாற்றி, அங்கே வரும் எண்ணால் ஒருமுறை உள்நுழைந்து பார்த்து, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்த பிறகே பழையதை அழியுங்கள். பேட்டரி மாலை வரை தாங்காத நிலையில் இருப்பதால், கருவியை மின்னூட்டியில் செருகியபடியே, காலையில் தொடங்கி ஒரே நாளில் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.